தூக்குக் கேட்டு வந்த தாள்

எங்கள் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது, ஸ்கேன் பார்த்த டாக்டர், பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குறைவாக இருக்கும்போலத் தெரிகிறது, வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்களுக்கு வேணுங்க" என்றாள். சங்ககிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டு வந்தேன். அவள் வேர்க்கடலை வாங்கித் தின்றாள். "பசிக்குதுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அந்த மகளுக்கு இப்போது பத்து வயது. பேச்சு கொஞ்சம் குழறும். பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காமல் எல்லோரையும் கட்டிக்கொள்வாள். அவளால் எங்கள் சர்ச் பங்கில் எனக்கு ஒரு பெயரே உண்டாகிவிட்டது. வீடுகளில் கூடும் அன்பியக் கூட்டங்களில் கருக்கலைப்பு வேண்டாம் என்று பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். உயிரைக் கொடுத்தவர் கடவுள், எடுக்க நமக்கு உரிமையில்லை என்று நான் முடிக்கும்போது சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரை ஒருவன் கொன்றுவிட்டான். கொன்றவன் பின் தெருவில் தாயோடு இருந்த லாரி டிரைவர். குடித்துவிட்டு வந்து வாய்த்தகராறு செய்தவன் கத்தியை எடுத்துவிட்டான். கடைக்காரர் என் மகளிடம் பொறுமையாக நின்று பேசுகிற மனிதர். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவனைத் தூக்கில் போடவேண்டும் என்று தெருவில் ஒரு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன்.

அவள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "நான் போடலீங்க."

"கொலைகாரனும் நம்ம புள்ளையும் ஒண்ணா?" என்று கத்தினேன்.

"ஒண்ணுன்னு சொல்லலீங்க. அவனை உள்ள போட்டுப் பூட்டட்டும். ஆனா உசுரை எடுக்க நமக்கு உரிமையில்லைன்னு கூட்டத்துல நீங்கதான பேசறீங்க? கெட்டவன் உசுரு அதுல சேராதுன்னு ஒரு நாளும் சொல்லலியே."

அவள் சொன்னது தப்பென்று கேட்டுவிட வேண்டும் என்றே பங்குச்சாமியாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "கருவுல இருக்கறது, படுக்கையில கெடக்கறது, ஜெயில்ல இருக்கறது, எல்லாத்துக்கும் திருச்சபைக்கு ஒரே பேச்சுதானுங்க. ஊட்டுக்காரம்மா சொன்னதையே நானும் ஒருக்காச் சொல்லணுமா?"

என் கையெழுத்தை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் தெருவில் பலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மனைவி இரண்டு தூக்குப் பாத்திரங்களில் சோறு போட்டாள். ஒன்று கடைக்காரர் மனைவிக்கு. மற்றது அந்த டிரைவரின் தாய்க்கு. ஒரு வாரமாக அந்த அம்மா வெளியே தலைகாட்டவில்லை. நானும் மகளும் கூடப் போனோம். கதவு திறந்ததும் மகள் ஓடிப்போய் அந்த அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "என்னையத் தொடறியே சாமி" என்று அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பிடத் தட்டெடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இரண்டாவது தூக்கு எங்கே போகிறது என்று தெரிந்ததும், கடைக்காரர் மனைவி எங்கள் சோற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் மனைவி விடவில்லை. தினமும் போய் அவர் வீட்டுக் கதவருகே வைத்துவிட்டு வந்தாள். சில நாள் திரும்பியது, சில நாள் திரும்பவில்லை.

கோர்ட்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஜெயிலில் அவனைப் பார்க்கப் போகும் நாட்களில் தாயை என் வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். வழியெல்லாம் என் மகளைப் பற்றியே விசாரிப்பார்.

போன பொங்கலுக்கு முன்பு கடைக்காரர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். "அவனப் பெத்தவ சாப்படறாளா?" என்று கேட்டார்.

"கொஞ்சமாச் சாப்படறாங்கக்கா" என்றாள் மனைவி.

"நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். கேட்டேன், அவ்வளவுதான்."

"செரிங்கக்கா. உள்ள வாங்க, காப்பி போடறேன்."

அவர் செருப்பைக் கழற்றினார்.