ஒரு டம்ளர் போர் தண்ணீர்

உப்பளத்தில் எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, தூண்கள் மேல் வீடு கட்டுகிறார்கள். நாங்களும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அப்படித்தான் தொடங்கினோம். எனக்குக் கூச்ச சுபாவம். மேஸ்திரியிடம் எதையும் கேட்க மாட்டேன்.

தூண்களுக்குக் காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள், அங்கே சித்தாள் வேலை செய்யும் வசந்தா, எதிரே நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

“புது போர்லதான் தண்ணி வருதே?” என்றேன்.

“அத வாயில வைக்க முடியலக்கா, ஒரே உப்பு. நாளைக்கு அதுலதான் கலவ போடப் போறாங்க. உள்ள கம்பி துருப்புடிச்சிடும்க்கா. மேஸ்திரிகிட்ட சொன்னா, ‘நீ என்னா இன்ஜினியரா’ங்கறாரு. நீ சொல்லேன்.”

போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மேஸ்திரியிடம் நீட்டினேன். “குடிச்சிப் பாருங்க” என்று மட்டும் சொன்னேன். ஒரு வாய் வைத்தவர் உடனே துப்பிவிட்டார். மறுநாள் வேலையை நிறுத்தி, லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்தார்.

இப்போது லாரி வந்ததும் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறார்கள். சாயங்காலம் டீ கொடுக்கும்போது, “இன்னிக்கு வேல எப்படிம்மா?” என்று வசந்தாவிடம்தான் முதலில் கேட்கிறேன். எங்கள் வீடு உறுதியாக நிற்கப்போவது அவளால்தான்.