ஓட வைக்கும் பாட்டில், நிற்க வைக்கும் பாட்டில்

வசுமதி மேடம் போய்விட்டார்... காலையில்தான் போன் வந்தது.

இதை நானே டைப் செய்கிறேன். எழுபத்து நான்கு வயதில், போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் அடையாறில் மேடத்தின் ஆராய்ச்சி லேபில் நான் அட்டெண்டர். மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் தொப்புள்கொடிகளை ஐஸ் பெட்டியில் வைத்து சைக்கிளில் கொண்டுவருவது என் வேலை.

"ஊரே புள்ளய வாங்கினு போவுது, நீ கொடிய வாங்கினு போறியே நைனா!" என்று அங்கே ஆயா சிரிப்பார்.

கொடிக்குள் இருக்கும் ரத்தக்குழாயின் செல்களை எடுத்து மேடம் வளர்ப்பார். அவை வளர்ந்த நீரை ஈரல் கேன்சர் செல்கள் மேல் விட்டால், மறுநாள் அந்த கேன்சர் செல்கள் இடம்விட்டு நகர்ந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினார்.

"ரத்தக்குழாய் வெறும் குழாய் இல்லை முனுசாமி. பக்கத்துல இருக்கற கேன்சருக்கு சிக்னல் குடுக்கறது. அதைக் கேட்டுண்டு அது கிளம்பிடறது."

செல்களை ஓட வைக்கும் அந்த நீர் ஒரு பாட்டிலில்; சிக்னலைத் தடுக்கும் பொருள் கலந்த நீர் இன்னொரு பாட்டிலில். அதில் செல்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி கன்னியம்மாவுக்கு ஈரலில் கேன்சர்... நுரையீரலுக்கும் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள்.

நான் திருடினேன். நிற்க வைக்கும் பாட்டில் என்று நினைத்து ஃப்ரிட்ஜிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு சைக்கிளை மிதித்தேன்.

"இன்னாய்யா அது?" என்றாள்.

"மருந்துதாம்மே."

"அப்ப குடு. கையில வச்சினு இன்னாத்துக்கு நிக்கிற?"

இரண்டு பாட்டிலும் ஒரே நிறம். மூடியில் என்னமோ எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது... ஓட வைப்பதா, நிற்க வைப்பதா?

அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். என் கை எழவில்லை.

மறுநாள் பாட்டிலை மேடத்தின் மேஜையில் வைத்து, கன்னியம்மாவுக்காகத் திருடியதைச் சொன்னேன்.

"குடுத்துட்டேளா?" என்று எழுந்தேவிட்டார்.

"இல்லம்மா."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டுமே தட்டுல இருக்கற செல்லுக்குத்தான். மனுஷாளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லை முனுசாமி... இருந்தா நானே எடுத்துண்டு வந்திருக்க மாட்டேனா?"

யாரிடமும் சொல்லவில்லை அவர். அன்று மாலையே எல்லா மூடியிலும் பேனாவால் படம் வரைந்தார். ஒன்றில் ஓடுகிற ஆள், ஒன்றில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

கன்னியம்மா அந்த மாதமே போய்விட்டாள்.

நான் கொண்டுபோனது எந்த பாட்டில் என்று மேடத்திடம் கேட்கவே இல்லை... பயம். என் கையாலேயே எழுதிக் கேட்க வேண்டும் என்றுதான் எழுத்தே கற்றேன். கடிதம் பாதியில் கிடக்கிறது. இனி யாரைக் கேட்பேன்?

போய் வாருங்கள் மேடம். அங்கே கன்னியம்மாவைப் பார்த்தால், அன்றைக்கு நான் ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்... அவளிடம் நான் சொல்லவே இல்லை.