சுவர்ப்பக்கம் படுத்திருந்தவள்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நட்டமில்லை. நான் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கதை கட்டிச் சொல்லி யாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை. என் தங்கை கெவுவா செத்துப்போனாள். அது பொய்யா? அவள் படுத்திருந்த கட்டில் இன்னும் அந்த வார்டில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ டின் மீன் திறந்துகொண்டிருந்தார்கள்.

பப்புவா கடற்கரையில் எங்கள் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். மலையிலிருந்து லாரியில், தீவிலிருந்து படகில், அண்ணன் முதுகில்... எப்படி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். காசு இருக்கிறதா, நீ எந்த ஊர்க்காரி என்று ஒரு கேள்வி கிடையாது. இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதை வாசல் சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வார்டில் முப்பது கட்டில், அறுபது பெண்கள். ஒருத்தி தலை வைத்த பக்கம் மற்றவள் கால் நீட்டிப் படுக்க வேண்டும்.

இருந்த இரண்டு நர்ஸ்கள் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்கள்? அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டிலிருந்து ஒரு ஆள் துணைக்கு இருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க, சாப்பாடு ஊட்ட, மருந்துக்கு ஓட. துணை ஆள் கட்டிலுக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். துணை இல்லாதவள் பாடு திண்டாட்டம்தான்.

கெவுவாவுக்குப் பிள்ளை பிறந்து ஐந்தாவது நாள் காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. பையனை எங்கள் அத்தையிடம் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வண்டியில் ஏறும்போது உடைந்த முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டே என் காதில் மட்டும் சொன்னாள். பையனுக்கு ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறாளாம். தான் திரும்பி வரும்வரை யாரும் பேர் வைக்கக் கூடாதாம். நான் சரி என்றேன்.

வார்டு சிஸ்டர் வவினே வாசலிலிருந்தே கையை நீட்டி, கடைசிக் கட்டில் என்று சொல்லிவிட்டு ஓடினாள். போனேன். சுவர்ப்பக்கம் ஏற்கெனவே ஒருத்தி படுத்திருந்தாள்.

சுவரைப் பார்த்து. ஒருக்களித்து.

அவளுக்குத் துணை இல்லை. தட்டு இல்லை, பை இல்லை, கட்டிலுக்கு அடியில் பாய் இல்லை. யாரும்மா நீ, எந்த ஊர் என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, முடியாதவள் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைத்த கிழங்கைக் கெவுவாவுக்கு ஊட்டினேன். ஒருத்தி சும்மா கிடக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எங்கள் ஆட்களுக்குத் தொண்டையில் இறங்காது. ஒரு துண்டை அவள் கையில் வைத்தேன். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் கிழங்கு இல்லை. அவள் மென்று நான் பார்க்கவில்லை.

அந்த வார்டில் ஈ மொய்க்காத இடம் கிடையாது. அவள் மேல் மட்டும் ஒரு ஈகூட உட்காரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, மடச்சி.

சாயங்காலம் கெவுவாவுக்குக் கால் பிடித்துவிட்டேன். காய்ச்சலில் பாதம் கொதித்தது. கையோடு அவளுக்கும் பிடித்துவிடலாமே என்று மறுபக்கம் போய்த் தொட்டேன். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. ஐயோ பாவம் என்று என் துணி ஒன்றை எடுத்து அவள் காலில் போர்த்தினேன். சிவப்புப் பூ போட்ட துணி.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். தலை நிமிராமல், இந்தக் கட்டிலுக்கு யார் துணை என்றார். துணை இல்லாதவளை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புதான்.

"ரெண்டு பேருக்கும் நான்தான்" என்றேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் என்று அவர் நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் சுவர்ப்பக்கம் அவள் முதல்முறையாக அசைந்தாள்.

அன்று மத்தியானம் பார்வை நேர மணி அடித்தது. வார்டு முழுக்கக் கூட்டம், சத்தம். கெவுவா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இவ என்னைத் தள்ளிக்கிட்டே வர்றா."

"கொஞ்சம் நகர்ந்து படுடீ. அவளும் சீக்காளிதானே."

"நகர்றதுக்கு எங்க இடமிருக்கு? என் மேலயே படுத்திருக்கா."

பார்த்தேன். அவள் இருந்த இடத்திலேயேதான் இருந்தாள். சுவரைப் பார்த்து.

அந்த வழியாகப் போன ஒரு சின்ன நர்ஸைப் பிடித்து, அவளை வேறு கட்டிலுக்கு மாற்றச் சொன்னேன். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாக் கட்டில்லயும் ரெண்டு பேருதான். உன் தங்கச்சி மட்டும் மகாராணியா?" என்றாள். நியாயம்தானே.

திரும்பி வந்து கெவுவாவின் காலைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். நெற்றியைத் தொட்டால் நெருப்பு. பாதம் மட்டும் ஐஸ். மெதுவாக மறுபக்கம் போனேன். சிவப்புத் துணிக்குள் கையை விட்டேன்.

அவள் கால் கதகதப்பாக இருந்தது.

இழு, முதலில் இவளை இந்தக் கட்டிலிலிருந்து கீழே இழு... மனசு அதையே சொன்னது. கெவுவாவைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் என் பாயில் கிடத்தினேன். நானும் பக்கத்தில் படுத்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மேலே கட்டில் கம்பி ஒருமுறை கிறீச்சிட்டது.

பிறகு சத்தம் இல்லை.

"அக்கா..."

"நான் இருக்கேன்டீ."

"அவளும் இறங்கி வந்துட்டா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகில் யாரோ ஒட்டிப் படுத்திருந்தார்கள். கதகதப்பாக.

கெவுவாவின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

பட்டது...

பட்டது...

நின்றுவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் வவினே ஓடி வந்தாள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. கட்டிலும் காலி. வவினே கெவுவாவின் நாடியைப் பார்த்தாள், பிறகு என் தலையைத் தடவினாள். அழுதுகொண்டே திட்டவும் செய்தாள்.

"ஏன்டீ கீழ போட்டே? ரொம்ப முடியாதவன்னுதானே முழுக் கட்டிலையும் அவளுக்குக் குடுத்தேன்? இந்த வார்டுலேயே தனியாப் படுத்தது உன் தங்கச்சி ஒருத்திதான்."



உடலை வாங்கப் பிணவறைக்குப் போனேன். காவலாள் மொரேயா. வயசான ஆள். குடிக்கிறவர் இல்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு தள்ளுவண்டிகளை வெளியே இழுத்தார். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றலாமா என்று கேட்டார். எந்த ரெண்டு பேர் என்றேன்.

"இப்பதானே ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. எங்க அக்கா வருவா, ரெண்டு பேருக்கும் அவதான் துணைன்னு. உன் சாடைதான். முன்பல்லு உடைஞ்சிருந்துச்சு."

முதல் வண்டியில் துணியை விலக்கினேன். என் கெவுவா. வாய் லேசாகத் திறந்திருந்தது. உடைந்த பல் தெரிந்தது.

இரண்டாவது வண்டியை நான் முழுசாகத் திறக்கவில்லை. கால்பக்கம் மட்டும் பார்த்தேன்.

சிவப்புப் பூ போட்ட துணி.

பாதத்தைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது.

மொரேயா சொன்னார். ஏழு மாதம் முன்னால் யாரோ அவளை வாசலில் விட்டுவிட்டுப் போனார்களாம். வழக்கம்போல ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. பேர் சொல்லும் நிலையில் அவள் இல்லை. கடைசிக் கட்டில், சுவர்ப்பக்கம். துணைக்கு ஆள் இல்லை. கட்டிலில் இருந்த மற்றவள்தான் காலையில் அவள் செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சொன்னாளாம். அன்றிலிருந்து ஐஸ் அறையில். உறவு என்று ஒருத்தர் வந்தால் கொடுத்துவிடலாம், வராவிட்டால் வருசக் கடைசியில் மற்ற அனாதைப் பிணங்களோடு சேர்த்துப் புதைப்பார்கள்.

"கூட்டிட்டுப் போயேன் தாயி" என்றார்.

நான் கெவுவாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் தங்கையைத் தின்றவளை நான் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? அன்று அப்படித்தான் தோன்றியது. கெவுவாவைக் கடலோரம் அம்மா பக்கத்தில் புதைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் என் சித்தி மகள் போயோவுக்கு அதே வார்டில் பிரசவம். கெவுவா செத்தபோது அவள் தீவில் இருந்தாள். இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவள் ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்த்தாள். கட்டிலுக்கு இரண்டு பேர் என்பார்கள், தனக்கு மட்டும் மூன்று பேராம். கடைசிக் கட்டிலாம். சுவரைப் பார்த்து ஒருத்தி படுத்தவள் படுத்தபடியாம். வாயே திறக்கவில்லையாம்.

"நடுவுல இன்னொருத்தி, அவ பாவம்க்கா. காலு ஐஸா இருக்கு. பல்லு உடைஞ்சவ. அவங்க அக்கா கிழங்கு எடுத்துட்டு வர்றேன்னு போனாளாம், இன்னும் வரலையாம். எம்புள்ளைக்குப் பேரு வச்சுட்டாங்களான்னு என்னையே கேட்டுக்கிட்டிருந்தா."

வைத்துவிட்டோம். அவள் யோசித்து வைத்திருந்த பேர் என்னவென்று யாருக்கும் தெரியாததால், அத்தைக்குத் தோன்றிய ஒரு பேரை வைத்துவிட்டோம்.

அதை அங்கே போய் அவளிடம் யார் சொல்வது?