என் சிறுநீரகமும் அவர் கழுத்துக் கட்டியும்

முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் அதைக் கண்டுபிடித்தார். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. “கொசு கடிச்சிருக்கும்” என்றார். தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் அது விரலுக்கு நழுவியது.

2004, கரும்பு அரவை நடந்துகொண்டிருந்த சமயம். அவர் எறையூர் ஆலையில் எடைமேடை எழுத்தர். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது லீவு கேட்க அவருக்குக் கூச்சம். பத்து நாள் அப்படியே விட்டோம். கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, சில மாத டயாலிசிஸுக்குப் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) பிறகு, சென்னையில் ஒரு மருத்துவமனையில் என்னுடைய ஒன்றை எடுத்து அவருக்கு வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் (புதிய உறுப்பை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமல் தடுப்பவை). கிருமித் தொற்று வரலாம், கவனமாக இருங்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது. புற்றுநோய் பற்றியும் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அவர் எழுந்து நடந்தால் போதும் என்றிருந்தது. மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

பெரம்பலூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கட்டியை அமுக்கிப் பார்த்தார். “கழுத்துல கட்டின்னா நம்ம பக்கம் முதல்ல டி.பி.யத்தான் நெனைக்கணும். ஆனா உங்க கேஸுல நான் கை வைக்க மாட்டேன். நேரா சென்னைக்குப் போயிடுங்க” என்றார்.

சென்னைக்குப் போகும் பஸ்ஸில், இது காசநோயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். ஒரு நோய் வேண்டும் என்று கும்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, சிறுநீரக டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்). உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட இது வரும் வாய்ப்பு கூடுதல்.

“கிட்னியைத் தாக்கக் கூடாதுன்னு நாம அடக்கி வெச்சிருக்கோமே ஒரு காவல், அதே காவல்தாம்மா தப்பா வளர்ற செல்லையும் பிடிச்சு அழிக்கும். ஆறு வருஷமா அது அரைத் தூக்கத்துல இருக்கு.”

“அப்ப இது மாத்திரையால வந்ததுங்களா?” என்றேன்.

“மாத்திரை இல்லன்னா கிட்னி என்னைக்கோ போயிருக்கும்.”

அது ஆமாம் என்ற பதிலா, இல்லை என்ற பதிலா? எனக்குப் புரியவில்லை.

முதலில் ஊசி மருந்து எதுவும் இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் அசாதயோபிரின் என்ற மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும். சைக்ளோஸ்போரினைப் பாதியாக்க வேண்டும். காவல் விழித்துக்கொண்டால் கட்டியைத் தானே கரைக்கும். “கிட்னி?” என்றார் என் கணவர். “தாங்கலாம், தாங்காமலும் போகலாம். வாரா வாரம் கிரியேட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு; கிட்னி கெட்டால் ஏறும்) பார்த்து எனக்குப் போன் பண்ணுங்க” என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியதும் திருமழபாடியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தம்பிக்கு விபூதி பூசிவிட்டு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ராணி, கோவிச்சுக்காத. ஒங் கிட்னியோட சேந்து இதுவும் உள்ள போயிருக்குமோ?”

“எனக்கு ஒண்ணும் இல்லையே அண்ணி.”

“வெளிய தெரியாம இருந்திருக்கலாம்ல.”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது, நான்தான் வாய் திறக்காமல் இருந்தேன். மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரிடம் கேட்டேன்.

“இந்தக் கட்டி அவரோட செல்லுலதான் வளர்ந்திருக்கும்மா. அதைத் தூண்டிவிடற ஒரு வைரஸ் இருக்கு, அது நம்மில் பெரும்பாலானவங்க உடம்புல சும்மா கிடக்கும். அவருக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும். உங்க கிட்னி வழியாப் போகவே இல்லைன்னு எழுதிக் குடுன்னா, என்னால முடியாது. ஆனா இது உங்க தப்பு இல்ல.”

தப்பு இல்லை என்பதை மட்டும் அண்ணியிடம் சொன்னேன். மீதியை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று. கட்டி இம்மியும் குறையவில்லை. கிரியேட்டினினும் 1.3லேயே நின்றது. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. போனில் டாக்டரின் குரல் மாறியது. “மருந்தைக் குறைச்ச மாதிரியே தெரியலையே. சரியாத்தானே சாப்பிடறார்?”

வீட்டுக்கு வந்து, துவைக்க எடுத்துப் போட்டிருந்த அவர் சட்டைப் பையைத் துழாவினேன். நிறுத்தச் சொன்ன அசாதயோபிரின் அட்டை. அதில் பாதிக்கு மேல் காலி.

அவர் ஆலையிலிருந்து வந்ததும் அட்டையை முன்னால் வைத்தேன்.

“நீ வயித்தக் கிழிச்சுக்கிட்டு குடுத்தது ராணி. அத எப்படி நானே போக்கடிக்கிறது?”

கோபம் வந்தது, அழுகை வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை. “அது இப்ப என்னுது இல்லங்க. ஆறு வருஷமா உங்களுது. போனா போவட்டும். எனக்கு நீங்க வேணும்.”

“அது போயிட்டா மறுபடி டயாலிசிஸ்.”

“ஏறிப் படுத்துக்குங்க. நான் கூட உக்காந்திருக்கேன்.”

அன்றிலிருந்து மாத்திரைகளை நானே எடுத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். திட்டினார், பிறகு, “இந்த மாதிரி செய்யற முதல் ஆள் இவர் இல்லம்மா” என்றார்.

அடுத்த இரண்டு மாதம் எப்படிப் போயிற்று என்று இப்போதும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கட்டி நெல்லிக்காயிலிருந்து சுண்டைக்காய், பிறகு பட்டாணி என்று கரைந்தது. கிரியேட்டினின் 1.8, 2.1, 2.4 என்று ஏறியது. சோதனைக்கூடத்துப் பெண் சீட்டை நீட்டும்போது, எதற்குப் பயப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று திகைத்து நின்றிருக்கிறேன். கரைகிறது என்று சிரிப்பேன், உடனே வலது கை என் விலாப்பக்கத் தழும்பைத் தேடிப் போகும்.

2.4க்கு மேல் ஏறவில்லை. ஸ்கேனில் கட்டி இல்லை. கீமோதெரபி (புற்றுநோய்க்கான தீவிர மருந்துச் சிகிச்சை) தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மாற்று உறுப்போடு வாழ்கிறவர் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொன்னதை, பாசத்தினால்கூட, நீங்களாகத் தொடராதீர்கள்.

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகம் எத்தனை காலம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் அடுத்த வருஷம் என்று பேசுவதை விட்டுவிட்டோம். அடுத்த டெஸ்ட் என்றுதான் பேசுகிறோம்.

மாற்று உறுப்போடு வாழ்கிறவர்களுக்குத் தோலிலும் புற்றுநோய் வரலாம் என்பதால், மாதம் ஒருமுறை உடம்பு முழுக்க வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்புற வெயிலில் அவரை உட்காரவைத்து முதுகு, காது மடல், உதடு என்று பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முதுகில் எத்தனை மச்சம் என்று இப்போதுதான் தெரியும். எது பழையது, எது புதிது என்றுதான் சில சமயம் குழம்பிவிடுகிறது.

போன வாரமும் பார்த்தேன். “என்ன தெரியுது?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ஒண்ணும் தெரியலங்க” என்றேன்.

நல்லது என்று சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.