வீரசிங்கம் அடைத்த பின்விளக்கு

அறுபதுகளில் திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த வீரசிங்கம் தம்பலகாமத்து வயற்காரன். "யானை துரத்தினா ஓடலாம், கடல் துரத்தினா எங்க ஓடுறது?" என்பான். கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனாலும் மணல் நனையாத இடம் பார்த்துத்தான் நிற்பான். அப்படிப்பட்டவன் பெண் எடுத்ததோ குடாவுக்கு அக்கரையில், மூதூரில்! கல்யாணத்தைத் திருகோணமலைக் கோயிலில் வைப்பதாக நேர்த்தி என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். தரைவழியே சுற்றிப் போகலாமென்றால் நடுவில் ஆறுகள். தெப்பத்தில் ஏறாமல் தாண்ட முடியாது. ஆகவே மனைவி இரத்தினேஸ்வரி தாய்வீட்டுக்குத் தனியாகவே போய் வந்தாள்.

குடாவில் ஆட்களை ஏற்றி இறக்கும் மூதூர் லாஞ்சியின் பின்விளக்கு இவனிடம்தான் வந்து சேர்ந்தது. தண்ணீர் புகுந்து பல்பு நிற்கிறதில்லை என்றார் லாஞ்சி முதலாளி கலீலுர் றஹ்மான். சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடுகிறவனுக்கு இதுவும் ஒரு வேலையா? பழைய ரியூபை வளையமாக வெட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து இறுக்கினான். வயர் நுழையும் ஓட்டையை ஒட்டுப் போடும் சொலூசன் பசை பூசி அடைத்தான். தண்ணீர்ப் பேசினில் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இனிக் கடலுக்கடியில கொண்டுபோயும் பத்தவைக்கலாம் முதலாளி!"

சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாரி மழை தொடங்கியதும் விளக்கு திரும்பி வந்தது. மறுபடி அடைத்தான்; மறுபடியும் வந்தது. கலீலுர் றஹ்மான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"வீரசிங்கம், இதுக்குள்ள மீன் வளக்கலாம் போல கிடக்கு."

சந்தையே சிரித்தது. வீரசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒட்டுப் போடக்கூட யார் நம்பி வருவார்கள்?

"உங்கட லாம்பு மட்டும் கடலுக்குப் போகுது. நீங்களும் போய் ஒருக்காப் பாத்தா என்ன? நாளைக்கு நான் அம்மாட்டப் போறன், வாங்கோ," என்றாள் இரத்தினேஸ்வரி.

உயிரா மானமா என்று யோசித்து, மானத்தின் பக்கம் சாய்ந்தான்.

மறுநாள் பின்னேரம் லாஞ்சியில் ஒரு கையில் கம்பி, மறு கையில் மனைவியின் சேலைத் தலைப்பு, கண் இரண்டும் இறுக மூடியபடி. மழை முகத்தில் அடித்தபோதுதான் கண்ணைத் திறந்தான். கூரையில் விழுந்த தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேரே விளக்கின் ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அதிர்வில் வயர் ஆடி ஆடிச் சொலூசன் மயிரிழையாய் விட்டிருந்தது. பேசினில் வயர் ஆடவில்லையே!

பயம் போன இடம் தெரியவில்லை. மூதூர்த் துறையில் விளக்கைக் கழற்றித் துடைத்து, ஓட்டை கீழே பார்க்கத் திருப்பினான். வயரை ஆடாமல் இறுக்கிக் கட்டி, விளக்குக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே ஓட்டைக்குள் ஏற்றினான். வயர்வழி வந்த தண்ணீரெல்லாம் அந்தத் தொங்கலிலேயே சொட்டி விழுந்தது.

"ஏறும், திரும்பிப் போவம்," என்றார் கலீலுர் றஹ்மான்.

"இண்டைக்கு ஏலாது முதலாளி!"

பொழுதுபட்டது. கொட்டும் மழையில் விளக்கு கண்ணுக்கெட்டும் வரை எரிந்தபடியே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீரசிங்கம் துறையை விட்டு நகர்ந்தான். இனிச் சந்தை எப்படிச் சிரிக்கிறதென்று பார்ப்போம்!

வாசலில் மாமியார் சீதேவி நின்றாள்.

"வாங்கோ தம்பி! இவள் வரக்குள்ள எல்லாம், அவருக்குக் கடையில விடாத வேலை எண்டுதான் சொல்லுவாள். ஒருமாதிரி வேலை முடிஞ்சுதோ?"

வீரசிங்கம் மனைவியைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவன் பயத்தைப் பற்றி இந்த வீட்டில் அவள் மூச்சு விட்டதில்லை. அவளோ ஒன்றும் கேளாதவள்போலச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"ஓம் மாமி," என்றான். "இண்டைக்குத்தான் முடிஞ்சுது."