குதிரைமசால்

முனிகிருஷ்ணன் பந்தயக் குதிரை லாயமொன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். வீடு ஸ்ரீராம்புரத்தில், ஓர் அறையும் சமையல் மூலையும். பிள்ளைகள் இல்லை.

மனைவி சரளாவுக்கு 1995இல் லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அந்த உடம்பையே தாக்குகிற நோய். கன்னங்களில் சிவந்த தடிப்பு. காலையில் விரலை மடக்க முடியாது. ஒன்றரை வருடம் மாத்திரை தின்று நோய் அடங்கியது. சோர்வு மட்டும் போகவில்லை. குழாயடியிலிருந்து அரைக் குடத்தோடு திரும்பி வந்து படுத்துக்கொள்வாள்.

லாயத்துக்குத் தீவனமாகப் பச்சைக் குதிரைமசால் தழை கொண்டுவரும் ஓசூர் விவசாயி அய்யாவுதான் அந்தப் பேச்சை எடுத்தார். "தழைய தின்னே குதிரைங்க இப்படி மினுமினுன்னு நிக்குது. வெதைய முளைகட்டித் தின்னா மனுசனுக்கு எதிர்ப்பு சக்தி ஏறுதாம், பேப்பர்ல போட்டிருந்தான்பா."

முனிகிருஷ்ணன் அவரிடமே விதை வாங்கினார். ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, எலுமிச்சையும் உப்பும் சேர்த்து, வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

"இன்னாங்க, என்னையும் ரேஸ்ல விடப் போறீங்களா?" என்று சிரித்தபடி சரளா தின்றாள்.

நான்காம் மாதம் தடிப்பு திரும்ப வந்தது. பிறகு கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மமதா, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். சரளாவைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "சாப்பாட்டுல புதுசா ஏதாவது?" என்று கேட்டார். முனிகிருஷ்ணன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த முளைல கெனாவனின்னு ஒரு பொருள் இருக்கு. லூபஸ் இருக்கறவங்களுக்கு அது வெள்ளை அணுக்களக் கிளப்பி விட்டுடலாம். இவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லீங்க. அது தப்பான பக்கம் வேலை செய்யுது. அத அடக்கத்தான் மாத்திரையே."

"அப்ப நான்தானா மேடம்?"

"சொல்ல முடியாது. இந்த நோய் தானாவும் கிளம்பும்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் முனிகிருஷ்ணன் அங்கேயே அழுது தீர்த்திருப்பார்.

சரளாவிடம், விதை கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தார். அவள் விடவில்லை. "அத நிறுத்துனதுல இருந்துதான் எனக்கு இப்படி ஆவுது. யாரையாச்சும் கேட்டு வாங்கியாங்களேன்." மூன்றாவது முறை அவள் கெஞ்சியபோது அவரால் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார்.

"இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள் சரளா.

மறுநாள் அவர் வைத்த இட்லியை அவள் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆஷா கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

"என்மேல கோவமா சரளா?"

"கோவம் இல்லீங்க. கை போவ மாட்டேங்குது."

அவர் சமைப்பதை விட்டுவிட்டார். அவள் தலையை வாரிவிடவும் கால்களைப் பிடித்துவிடவும் மட்டும் அவரை அனுமதித்தாள். பதினோரு மாதம் அப்படிப் போனது. 1998 ஆகஸ்டில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து சரளா இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். தன் பெயரில் சீட்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் மமதாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவரும் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார். மூன்றாம் முறை போனபோது டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். முனிகிருஷ்ணன் தன் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.