முழந்தாளில் ஏறிய படிகள்

மொன்ட்ரியாலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியர்களின் மதத்தை எண்களாக மாற்றும் வேலை.

அறுபதுகளின் கடைசி அது. என் கணவர் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். நான் சென்னையில் புள்ளியியல் படித்துவிட்டு, கோட்-டெ-நேஜ் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஒருவர் கணக்கு தெரிந்த ஆளைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் நின்றேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். வெயிலில் பழுத்த முகம். இந்த ஊர்க் குளிர்கூட அந்தச் சிவப்பை வெளுக்க வைக்கவில்லை. அறையின் சுவரோரமாக மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவருடைய நாட்டில் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பிய படிவங்கள் அவற்றில் இருந்தன. பிறந்தபோது உங்கள் மதம் எது, இப்போது எது, உங்கள் கணவருடையது அல்லது மனைவியுடையது எது, மாதத்தில் எத்தனை முறை கோவிலுக்குப் போகிறீர்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் கொடுத்து, கணினிக்கான அட்டையில் துளையிட வேண்டும். ஆங்கிலிக்கன் என்றால் ஒன்று, கத்தோலிக்கர் இரண்டு, மெதடிஸ்ட் மூன்று, பிரஸ்பிட்டேரியன் நான்கு என்று போகும். மதம் இல்லை என்றால் ஒன்பது.

"நான் எந்த எண்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எட்டு. மற்றவை" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல, "அங்கே நல்ல துணை இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார்.

நேரில் பார்த்தே இராத ஒரு தேசத்தின் சமையலறைகளுக்குள் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் போய்வந்தேன். ஒரே வீட்டில் கணவர் ஒன்று, மனைவி இரண்டு, மகன் ஒன்பது. "மதம் இல்லை" என்று ஒருவர் பேனாவால் அழுத்தி எழுதி, அதன்கீழ் கோடும் போட்டிருந்தார். அப்படியும் எழுதலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் ஊரில் அந்தக் கட்டத்தை நிரப்புபவர் அப்பா. நாம் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

ஒரு கிழவரின் படிவத்தில் சிக்கிக்கொண்டேன். தான் ஆங்கிலிக்கன் என்றும், கடவுள் இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றும், போருக்குப் பிறகு சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன்.

"ஒன்று போடுங்க."

"கடவுளே இல்லைங்கறாரே?"

"என்ன நம்பறீங்கன்னு நாம கேக்கலை. எங்கே சேர்ந்தவங்கன்னுதான் கேட்டோம். ரெண்டும் வேற."

சில நாள் கழித்து, சோதனைக்காக முதலில் நிரப்பிய படிவங்களின் கட்டில் பேராசிரியருடையதே கிடைத்தது. பிறப்பில் கத்தோலிக்கர், இப்போது எதுவும் இல்லை. தாய் கத்தோலிக்கர், தந்தை பிரஸ்பிட்டேரியன். அவரிடம் ஒன்றும் கேட்காமல் ஒன்பது போட்டேன்.

ஜூன் மாதத்தில் அவருடைய அம்மா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆட்டுப்பண்ணைகள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர்க்காரர். விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. பேராசிரியர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மலைமேல இருக்கிற சூசையப்பர் கோவிலுக்குப் போகணுங்கறாங்க. முழங்கால்லயே படி ஏறணுமாம். நான் கூடப் போறேன். ஆனா அங்கே எப்படி நடந்துக்கறதுன்னு எனக்கு மறந்துபோச்சு. நீங்களும் வர முடியுமா?"

சூசையப்பரைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனாலும் கோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சரி என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "லவ்" என்று கூப்பிட்டார். அவர் சொன்ன விதத்தில் அது எனக்குக் "கண்ணு" என்றே கேட்டது. மகன் காரை நிறுத்தப் போயிருந்தபோது, படியடியில் நின்று தன் கதையைச் சொன்னார். சுற்றி வளைக்காத பேச்சு.

"எங்க கல்யாணத்துக்கு எங்க அப்பா வரலை. எங்க வீட்டுக்காரர் பிரஸ்பிட்டேரியன் ஆச்சே. பாதிரியாரும் எங்களைப் பீடத்துக்கு முன்னால நிக்க விடலை. பின்னால அங்கி மாட்டற அறையிலதான் மோதிரம் போட்டுக்கிட்டோம். ஆனா, கண்ணு, நாப்பது வருஷம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்னைப் பூசைக்குக் கூட்டிட்டு வந்து விட்டவர் அவர்தான். உள்ள வரமாட்டார். மழையோ வெயிலோ வண்டியிலயே உக்காந்திருப்பார்."

அந்தக் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"நம்ம சபைக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு மோட்சம் இல்லைன்னு சின்ன வயசுல கன்னியாஸ்திரீங்க சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப இருக்கிற பாதிரியார், அதெல்லாம் இல்லம்மா, இப்ப அப்படிச் சொல்றதில்லைங்கறார். நான் எதை நம்பறது? அதான் நேரா வந்து கேட்டுடலாம்னு வந்தேன்."

அந்தக் கோவிலுக்கு ஏறும் படிகளின் நடு வரிசை மரத்தால் ஆனது. முழந்தாளிட்டு ஏறுகிறவர்களுக்கு மட்டும் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். நூறு படிகளுக்கு ஒன்று குறைவு. இரண்டு பக்கமும் நடந்து போகிறவர்களுக்கான சிமெண்டுப் படிகள். நகரத்துக் கோவில்களில் கூட்டம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஆனாலும் அன்று காலை ஏழெட்டுப் பேர் மரப்படிகளில் இருந்தார்கள்.

அவர் ஒரு கைக்குட்டையை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒரு படி, ஒரு செபம், பிறகு அடுத்த படி. கைக்குட்டையை எடுத்து மேலே வைக்கவே ஒரு நிமிடம் ஆனது. நான் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சிமெண்டுப் படிகளில் கூடவே ஏறினேன். மகன் கீழேயே நின்று சிகரெட் பற்றவைத்தார்.

நாற்பதாவது படியைத் தாண்டியதும் அம்மாவின் வலது முழங்கால் நின்றுவிட்டது. கத்தவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் கூப்பிடுவதற்குள் மகன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துவிட்டார்.

"போதும்மா. எழுந்திரு."

"பாதியில விட்டா அவருக்காகச் செஞ்சதா ஆகாது."

"உன்னால முடியலை."

"முடியலைதான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு முடியலை, பாரு."

மகன் மேலே பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நான் முடிக்கறேன்."

"நீ நம்பறதில்லையே."

"இல்லைதான். ஆனா அவர் எனக்கு அப்பா."

"ஒவ்வொரு படியிலும் சொல்லணும். விட்டுடக்கூடாது."

"தெரியும்மா."

அம்மாவின் முழங்கால் பட்டிருந்த அதே படியில் அவர் முழந்தாளிட்டார். கைக்குட்டையைக் கேட்கவில்லை. செபத்தை ஆரம்பித்தார். மறந்துபோச்சு என்று சொன்னவரின் வாயிலிருந்து அது எங்கும் தடுக்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் வந்தது. அடுத்த படி. மறுபடியும் முதலிலிருந்து.

எங்களுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்த கியூபெக் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து, "டூஸ்மான், மதாம், மெதுவா" என்று அந்த அம்மாவின் கையைத் தாங்கினார். இருவரும் சேர்ந்து அவரைச் சிமெண்டுப் படியில் உட்கார வைத்தோம். பிறகு மூவரும் மேலே போய்க்கொண்டிருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காவடி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியோடு பிரகாரத்தில் உருண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களையெல்லாம் ஒரு சாமி இழுத்துப் போனது. இவரை இழுக்க மேலே யாரும் இல்லை. யாரும் இல்லை என்று தெரிந்தேதான் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறார். அன்றைக்கு என் மனசு நின்றுபோன மாதிரி அதற்கு முன் எந்தச் சன்னிதியிலும் நின்றதில்லை.

உச்சிக்கு அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தலை குனிந்து நின்றார். மூச்சு வாங்கினாரா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் அந்த அம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல, "வந்து சேந்தாச்சு" என்றார். மகனைச் சொன்னாரா, கணவரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் கணவர் தெருமுனையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிவந்து, துணியில் சுற்றி அம்மாவின் முழங்காலில் கட்டிவிட்டார். சமையலறை அலமாரியில் இருந்த முருகன் படத்தை அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இவர் உங்க ஆளா?"

"ஆமாம்."

"கண்ணு, அவருக்கும் ஒரு நன்றி சொல்லிடு. நல்ல வீடு இது."

திங்கட்கிழமை பேராசிரியர் நொண்டிக்கொண்டு வந்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க படிவத்துல ஒன்பது போட்டிருக்கேன். மாத்தணுமா?"

அவர் நிதானமாக யோசித்தார். "வேண்டாம். ஒன்பதுதான் சரி" என்றார். குரலில் வீம்பு இல்லை, வெட்கமும் இல்லை.

அடுத்த ஆண்டு அட்டைகள் எல்லாம் முடிந்து அவர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வரும், பொங்கலை ஒட்டி நாங்கள் ஒன்று போடுவோம். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் நீண்ட கடிதம் வந்தது. அம்மா போய்விட்டார். அவர்கள் ஊர்க் கல்லறையில் கத்தோலிக்கர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவில் சரளைக்கல் பாதை. தன்னைக் கணவரின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாராம். முடியாது என்று சொல்லிவிடுவார்கள் என்று மகன் பயந்திருக்கிறார். ஆனால் அவர்கள் ஊரின் வயதான பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்து மறுபக்கம் போய், செபம் சொல்லி அந்த மண்ணை மந்திரித்திருக்கிறார். மழை. பிரஸ்பிட்டேரியன் போதகர் அவருக்குக் குடை பிடித்திருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். சாமியைப் பற்றி எதுவும் பேசாத மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் குடை இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி" என்றார்.

படித்தேன்.